வண்ணமே வேலியான கடல்நத்தை

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

முன்னுரை

சிவகாசி என்றாலே வெளியூரார் நினைவில் முதலில் தோன்றுவது வண்ணம்தான். தீபாவளி மத்தாப்பின் சிவப்பும் பச்சையும், சுவரில் தொங்கும் காலண்டர் படங்களும், தீப்பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளும் இங்கிருந்தே நாடெங்கும் செல்கின்றன. எங்களில் பலருடைய தாய் தந்தையர் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் ஆகிய மூன்று தொழில்களில் ஏதேனும் ஒன்றில் உழைத்தே எங்களைப் படிக்க வைக்கின்றனர். ஆகையால் வண்ணத்தைக் கண்டு மகிழ்வதோடு, அதற்கு அஞ்சவும் நாங்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். “பளபளவென்று இருக்கிறதே என்று வெடிக்காத பட்டாசைக் கையில் எடுக்காதே” என்பது தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீடுகளில் தவறாமல் கேட்கும் சொல்.

நிறம் அழகாக இருக்கும். அதுவே எச்சரிக்கையாகவும் இருக்கும். மனிதர் பட்டாசு செய்யக் கற்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இந்த உண்மையை நம்பி வாழ்ந்து வரும் ஓர் உயிர் கடலில் இருக்கிறது. அதன் நீளம் நம் உள்ளங்கை அளவுதான். அதற்கு ஓடு இல்லை, பல் இல்லை, கொடுக்கு இல்லை, ஓடித் தப்பிக்கக் கால்களும் இல்லை. ஆயினும் பட்டப்பகலில் பவளப் பாறையின் மேல் எல்லார் கண்ணிலும் படும்படி அது அச்சமின்றி ஊர்ந்து செல்கிறது. ‘ஃபில்லிடியா வாரிகோசா’ என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அதன் வரலாற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் அட்டை வேறு, கடல்நத்தை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஓடில்லாத கடல்நத்தையைப் பற்றிப் பேசினால், “கடல் அட்டைதானே?” என்று பலர் கேட்பதுண்டு. கடல் அட்டை என்று மண்டபம், ராமேசுவரம் மீனவர்கள் அழைப்பது வெள்ளரிக்காய் போல் உருண்டு கிடக்கும் வேறோர் உயிர். அது நட்சத்திர மீனின் உறவு. அதைப் பிடிக்க 2001-ஆம் ஆண்டு முதல் அரசு தடை விதித்திருக்கிறது.

நாம் காணப்போகும் ஃபில்லிடியாவோ நத்தைக் குலத்தைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் நம் தோட்டத்துச் சுவரில் ஊரும் நத்தை, கோயில் வாசலில் விற்கும் சங்கு, பல்லாங்குழி ஆடும் சோழி, தூத்துக்குடிக்குப் புகழ் தந்த முத்துச்சிப்பி, மீன் கடையில் நாம் பார்க்கும் கணவாய் ஆகிய யாவும் மெல்லுடலிகள் என்னும் ஒரே பெருங்குடும்பம். எலும்பில்லாத மென்மையான உடலைக் காத்துக்கொள்ள இவற்றுள் பெரும்பாலானவை சுண்ணாம்பினால் ஓடு கட்டிக்கொள்கின்றன. அந்த ஓட்டை அடியோடு துறந்துவிட்ட கிளை ஒன்று உண்டு. அதன் பெயருக்கு ‘வெளியே தெரியும் செவுள்’ என்று பொருள். உலகக் கடல்களில் இக்கிளையில் 3000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நிறத்திலும் கோலத்திலும் இவற்றை மிஞ்சிய உயிர்கள் கடலில் சிலவே எனலாம்.

பெயர்க் காரணம்

‘ஃபில்லிடியா’ என்றால் கிரேக்க மொழியில் ‘சிற்றிலை’. பிரான்சு நாட்டு அறிஞர் கூவியே 1797-இல் இப்பெயரைச் சூட்டினார். அதே நாட்டு லமார்க் 1801-இல் நம் நத்தைக்கு ‘வாரிகோசா’ என்ற இரண்டாம் பெயரைக் கொடுத்தார். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பற்றி உயிரியல் பாடத்தில் படிக்கிறோமே, அந்த லமார்க்தான் இவர்.

வாரிகோசா என்றால் புடைத்த நரம்பு. நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்வோருக்குக் காலில் நரம்பு முடிச்சு விழுந்தால், “வெரிகோஸ்” என்று டாக்டர் சொல்வதைப் பெற்றோர் கேட்டிருப்பர். அச்சொல்லும் இச்சொல்லும் ஒன்றே. இந்த நத்தையின் முதுகில் மேடு மேடாக ஓடும் வரிகளைக் கண்டு இப்பெயர் வைத்தனர்.

உருவ அமைப்பு

உடல் நீள்வட்டமாய், சற்றுத் தட்டையாய் இருக்கும். நன்கு வளர்ந்தது சுமார் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முதுகின் அடிநிறம் கறுப்பு. அதன் மேல் சாம்பல் கலந்த நீல நிறத்தில் மூன்று முதல் ஆறு வரை மேட்டு வரிகள் தலையிலிருந்து வால்வரை ஓடும். அந்த மேடுகளின் மேல் கொப்புளங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கொப்புளத்தின் நுனியிலும் மஞ்சள் பொட்டு வைத்தாற்போல் இருக்கும். கறுப்பு, நீலம், மஞ்சள் என மூன்று நிறமும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டி நிற்கும் அழகைச் சொல்லி முடியாது.

தலைப்பக்கத்தில் தங்க மஞ்சள் நிறத்தில் இரண்டு சிறு கொம்புகள் தெரியும். அவை கொம்புகள் அல்ல. அவைதாம் அதன் மூக்கு! தண்ணீரில் கலந்து வரும் வாசனையை அவற்றால் உணர்ந்தே அது உணவைத் தேடிச் செல்கிறது. ஆபத்து என்று கண்டால் அவற்றை உள்ளிழுத்துக்கொள்ளும்.

இதன் நெருங்கிய உறவினங்கள் பலவற்றின் முதுகில் செவுள் ஒரு பூவைப் போல் விரிந்து நிற்கும். நம் ஃபில்லிடியாவுக்கு அப்பூ இல்லை. பாவாடை விளிம்பு போல் தொங்கும் தோலின் அடியில், இரு பக்கமும் சிறு சிறு இலைகளாகச் செவுள்கள் மறைந்துள்ளன. சிற்றிலை என்ற பெயருக்கு ஏற்ற உறுப்பு இது. நத்தையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பாதத்தின் நடுவே நீளமாக ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதைப் போலவே தோற்றம் கொண்ட மற்ற உறவினங்களிலிருந்து இதைப் பிரித்தறிய இந்தக் கோடே முக்கிய அடையாளம்.

இனி ஒரு வியப்பான செய்தி. இத்தனை வண்ணம் பூண்ட இந்த நத்தைக்குத் தன் வண்ணம் தெரியாது. அதன் கண்கள் தோலுக்குள் புதைந்த இரு சிறு புள்ளிகள். வெளிச்சம், இருட்டு என்ற வேறுபாட்டை மட்டுமே அவை அறியும். எனவே அந்த வண்ணம் தனக்காகவோ தன் இனத்துக்காகவோ ஏற்பட்டதாக இருக்க முடியாது. அப்படியானால் யாருக்காக?

உணவும் நஞ்சும்

இக்கேள்விக்கு விடை அதன் உணவில் இருக்கிறது. ஃபில்லிடியாவின் உணவு கடற்பஞ்சு. நாம் ஸ்லேட்டு துடைத்த ஸ்பாஞ்சுக்கு மூல உருவமான உயிர் அது. பாறையை விட்டு நகர முடியாத கடற்பஞ்சு தன்னை யாரும் தின்றுவிடாதபடி உடலுக்குள் கசப்பும் நஞ்சுமான வேதிப் பொருள்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. ஆகையால் பெரும்பாலான மீன்கள் அதன் பக்கம் போவதில்லை.

சாதாரண நத்தைகளுக்கு அரம் போன்ற நாக்கு ஒன்று உண்டு; அதனால் உணவைச் சுரண்டித் தின்னும். ஃபில்லிடியாவுக்கு அதுவும் கிடையாது. கடற்பஞ்சின் மேல் வாயை வைத்துச் செரிமான நீரைப் பாய்ச்சுகிறது. பஞ்சின் சதை கரைந்து கூழானதும் உறிஞ்சிக் குடிக்கிறது. கூழோடு நஞ்சும் உள்ளே செல்கிறது. நத்தை அதனால் சாவதில்லை! நஞ்சைத் தன் தோலில் சேமித்து வைக்கிறது. யாரேனும் தொந்தரவு செய்தால் பால் போன்ற வெண்ணிற நீராக அதை வெளியேற்றுகிறது.

இதைக் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. 1963-இல் ஹவாய்த் தீவில் ஜோஹான்னஸ் என்ற ஆராய்ச்சியாளர், இந்த நத்தையோடு ஒரே தண்ணீரில் இருந்த மீன்களும் நண்டு, இறால் வகைகளும் இறந்துபோவதைக் குறித்து எழுதினார். நத்தை அவற்றைக் கடிக்கவுமில்லை, தீண்டவுமில்லை. அது வெளியிட்ட நீரே அவற்றைக் கொன்றது. அந்த நீரில் இருப்பது யாது என்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஷூயர் முதலிய வேதியியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். அத்தீவின் பூபூக்கேயா என்னும் கடற்கரையில் இந்த நத்தை ஒரு கடற்பஞ்சைத் தின்றுகொண்டிருந்தது கண்டறியப்பட்டது. அந்தப் பஞ்சைச் சோதித்தபோது நத்தையிடம் இருந்த அதே நஞ்சு அதிலும் இருந்தது. கரியும் நைட்ரஜனும் ஒரு தனி வகையில் பிணைந்த அப்பொருளுக்கு அக்கடற்கரையின் பெயரையே சூட்டி 1975-இல் உலகுக்கு அறிவித்தனர். திருடனைப் பிடிக்கப் போய்த் திருட்டுப் பொருள் இருந்த வீட்டையும் கண்டுபிடித்த கதை இது.

நிறமே அறிவிப்புப் பலகை

நஞ்சு இருந்தால் மட்டும் போதுமா? தன்னைத் தின்ற மீன் பிறகு வருந்துவதால் நத்தைக்கு என்ன பயன்? கடிபடுவதற்கு முன்பே எதிரிக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் நிறம்.

கடல் நீரில் ஆழம் செல்லச் செல்லச் சிவப்பு நிறமே முதலில் மங்கி மறையும். கறுப்பின் மேல் மஞ்சளோ தெளிவாகத் தெரியும். பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் பூசிக் கறுப்பில் எழுதுவதை நாம் பார்க்கவில்லையா? குளவியின் உடலிலும் இதே மஞ்சளும் கறுப்பும்தாம். ஒருமுறை கசப்பைச் சுவைத்துத் துப்பிய மீன், அந்தக் கோலத்தை நினைவில் வைத்துக்கொண்டு மறுமுறை விலகிப் போகிறது. ஆகவே நத்தையின் நிறம், ‘என்னிடம் நஞ்சு இருக்கிறது, அருகில் வராதே’ என்று எழுதி வைத்த பலகை. எழுதியவருக்கு அதைப் படிக்கத் தெரியாது; படிக்க வேண்டியவருக்குத் தெரிகிறது.

இதற்கு நாம் கடலுக்குப் போக வேண்டியதில்லை. விருதுநகர், சாத்தூர் சாலையோரங்களில் கேட்பாரற்று வளரும் எருக்கஞ்செடியைப் பாருங்கள். அதன் பாலில் நஞ்சு உண்டு. ஆடுகூட அதைக் கடிப்பது அரிது. அந்த இலையைத் தின்றே வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு வளர்கிறது. எருக்கின் நஞ்சு புழுவின் உடலில் தங்கிப் பட்டாம்பூச்சிக்கும் வந்து சேர்கிறது. செம்மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமான சிறகை அசைத்து அது மெதுவாகப் பறந்து போவதும், பறவைகள் அதை விட்டுவிடுவதும் இதனால்தான். கடலில் கடற்பஞ்சும் ஃபில்லிடியாவும் எப்படியோ, கரிசல் காட்டில் எருக்கும் வெந்தய வரியனும் அப்படியே.

போலிகள்

நல்ல சரக்குக்குப் போலி வருவது கடைத்தெருவில் மட்டுமன்று, கடலிலும் உண்டு. மேலே சொன்ன கடல் அட்டைகளில் ஒரு வகையின் குஞ்சு, கறுப்பும் வெளிர் நீலமும் மஞ்சள் முட்களுமாக ஃபில்லிடியாவைப் போலவே தோன்றும். வளர்ந்து பெரிதானதும் அந்த நிறத்தை விட்டுவிட்டுச் சாதாரண நிறத்துக்கு மாறிக்கொள்ளும். ஃபில்லிடியாவின் உறவினமான மற்றொரு நத்தையைப் பார்த்து அதே கொப்புளக் கோலத்தைப் பூண்டுகொள்ளும் தட்டைப்புழு ஒன்றும் உண்டு. பசு புலித்தோல் போர்த்துக்கொண்ட கதைதான்! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையான நஞ்சுள்ள நத்தைகள் மிகுதியாக இருந்தால்தான் மீன்கள் அந்தக் கோலத்துக்கு அஞ்சும். போலியே பெருகிவிட்டால் எச்சரிக்கைக்கு மதிப்புப் போய்விடும்.

முட்டை முதல் முதுமை வரை

மண்புழுவைப் போல ஒவ்வொரு கடல்நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது. இரண்டு நத்தைகள் சேர்ந்தால் இரண்டுமே முட்டையிட முடியும். முட்டைகள் பசை போன்ற பொருளில் பதிந்து, ரிப்பனைச் சுருட்டி வைத்தாற்போல் பாறையில் ஒட்டிக் கிடக்கும். ஸ்பானிய நடனக்காரி என்று அழைக்கப்படும் பெரிய சிவப்புக் கடல்நத்தையின் முட்டைச் சுருள், விரிந்த ரோஜாப் பூவைப் போலவே இருக்கும். அது தன் உடலின் விளிம்பை அலைபோல் அசைத்து நீந்தும்போது பாவாடை சுழல்வது போலத் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதற்கு ஒரு சுருள் ஓடு உண்டு என்பதுதான் வியப்பு! நீரோட்டத்தில் சில காலம் மிதந்து திரிந்தபின், தகுந்த இடம் கண்டு பாறையில் இறங்குகிறது. இறங்கியதும் அந்த ஓட்டை உதறிவிடுகிறது. முன்னோர் ஓட்டோடு வாழ்ந்தனர் என்பதற்கு அந்தச் சிறு ஓடே சான்று. ஓடு இருந்தவரை ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. ஆனால் எங்குப் போனாலும் பாரம் சுமக்க வேண்டும். ஓட்டைத் துறந்த நத்தைகள் பாறையின் இடுக்கெல்லாம் நுழைந்து உணவு தேட முடிந்தது. சுண்ணாம்புச் சுவருக்குப் பதில் நஞ்சும் நிறமும் அவற்றுக்கு வேலியாயின.

ஆராய்ந்த பெரியோர்

நம் பக்கத்துக் கடலின் ஓடில்லா நத்தைகளை முதலில் கருத்துடன் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இலங்கையில் பிறந்த கெலார்ட் என்னும் டாக்டர். 1819-இல் பிறந்த அவர் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே இலங்கையின் விலங்குகளையும் மன்னார் முத்துச்சிப்பியையும் ஆராய்ந்தார். கடல்நத்தைகளைப் பற்றி 1858-இல் எழுதி வெளியிட்டார்; அவற்றைப் படமாகவும் வரைந்து வைத்தார். 1860-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியிலேயே காலமானார்.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேர் கடற்கரையில் இந்த நத்தைகளைச் சேகரித்தார். ஆல்டர், ஹான்காக் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து 1864-இல் வெளியிட்டனர். அவற்றுள் வெண்ணிற உடலில் சிவப்பும் மஞ்சளுமான கொப்புளங்கள் கொண்ட ஒன்றுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கலிங்கா’. கலிங்கம் என்றதும் செயங்கொண்டாரின் பரணி நம் நினைவுக்கு வருகிறது. விஞ்ஞான உலகிலோ அப்பெயர் ஒரு கடல்நத்தையைக் குறிக்கிறது! இந்தக் கலிங்கா கடற்பஞ்சைத் தின்பதில்லை. நட்சத்திர மீனின் உறவான பாம்பு நட்சத்திரங்களைப் பிடித்துத் தின்கிறது. அதன் உடலமைப்பை 1936-இல் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் கே. வீரபத்ர ராவ் என்னும் நம் நாட்டு அறிஞர்.

கெலார்ட் வரைந்த படங்கள் ஏன் முக்கியம் என்று கேட்கலாம். ஓடில்லாத நத்தையைச் சாராயப் புட்டியில் போட்டால் அதன் நிறம் போய்விடும். சில நாளில் சுருங்கி வெளுத்த ஒரு சதைத் துண்டே மிஞ்சும். ஆகவே பல ஆண்டுகளுக்குப் பின் சர் சார்லஸ் எலியட் என்பவர் தென்னிந்திய, இலங்கைக் கடல்நத்தைகளை மீண்டும் ஆராய்ந்து 1906-இல் எழுதியபோது, இங்கிலாந்தின் நியூகாசில் நகர மியூசியத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த ஆல்டர், ஹான்காக் சேகரிப்போடு கெலார்ட்டின் பழைய படங்களும் அவருக்குத் துணை செய்தன. நிறத்தை அதன் இடத்தில், உயிரோடு பார்த்தவர் குறித்து வைத்தால்தான் பிறகு வருபவர் அறிய முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஓவியம் வரையும் தோழியர் இதை மனத்தில் கொள்க!

நமக்கும் கடலுக்கும் என்ன உறவு?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனால் 1985-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள்வரை விருதுநகரும் சிவகாசியும் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருந்தன. மண்டபமும் ராமேசுவரமும் குருசடைத் தீவும் அன்று எங்கள் சொந்த மாவட்டத்து இடங்கள்! எங்கள் தாத்தா பாட்டியின் காலத்துப் பள்ளிப் பிள்ளைகள் மாவட்டப் படம் வரைந்தால் கிழக்கே கடலையும் வரைந்திருப்பர்.

அந்தக் கடலே மன்னார் வளைகுடா. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகளும் அங்கு உள்ளன. 1986-இல் அப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. குருசடைத் தீவின் மெல்லுடலிகளைப் பற்றிச் சென்னை அரசு மியூசியத்தைச் சேர்ந்த எஸ். டி. சத்தியமூர்த்தி எழுதிய நூல் 1952-இல் வெளிவந்தது. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இன்றும் பணியாற்றி வருகிறது. செங்கடல் முதல் பசிபிக் மாக்கடல் வரை பரவியுள்ள ஃபில்லிடியாவுக்கு மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, இலங்கை ஆகிய பகுதிகளின் பவளப் பாறைகளும் வீடாகும்.

அந்த வீடு இப்போது நலமாக இல்லை. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தனர். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கிப் போயின. 2001-இல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. ஆயினும் கடல் நீரின் சூடு அளவுக்கு மீறும்போது பவளங்கள் வெளுத்துப் போகின்றன. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு நேர்ந்தது.

பவளம் வெளுத்தால் நத்தைக்கு என்ன? பவளப் பாறை இல்லையேல் அங்கு வாழும் கடற்பஞ்சுக்கு இடம் குறையும். கடற்பஞ்சு இல்லையேல் ஃபில்லிடியாவுக்கு உணவு இல்லை. உணவு மட்டுமா? அதன் நஞ்சும் அந்தப் பஞ்சிலிருந்து வந்ததே. நஞ்சில்லாத நத்தையின் நிறம் வெறும் பூச்சு. ஒரே ஒரு பொருளை நம்பி உணவையும் காவலையும் வைத்திருக்கும் உயிருக்கு அந்தப் பொருள் போனால் இரண்டும் போய்விடும்.

இன்னொன்றும் நாங்கள் பூகோளப் படத்தைப் பார்த்து அறிந்துகொண்டோம். இருக்கன்குடியில் மாரியம்மன் கோயில் அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்றன. அந்த வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்துக்குள் சென்று மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது. ஆண்டில் பல மாதம் மணலாய்க் கிடக்கும் ஆறுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து வெள்ளம் வந்தால், நாம் ஓடையில் எறிந்த பாலிதீன் பையும் சாயமும் கழிவும் அதோடு சேர்ந்தே போகின்றன. கடல் இல்லாத ஊர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நம் குப்பை அப்படி நினைப்பதில்லை.

நத்தை தரும் பாடம்

மத்தாப்பின் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு, பச்சைக்குப் பேரியம் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உப்பு உண்டு. இவற்றுள் பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. அந்தத் தடையினால் வேலை குறைந்த வீடுகளும் எங்கள் ஊரில் உண்டு. அந்த உப்பின் தீமையை நினைத்துப் பார்ப்போரும் உண்டு. அழகான நிறத்துக்கு ஏதோ ஒரு விலை இருக்கிறது என்பதை எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் கடலுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நத்தையைக் கடித்த மீன் துப்பிவிட்டுப் போய்விடலாம்; அடுத்த முறை விலகிக்கொள்ளலாம். தவறு செய்து கற்றுக்கொள்ள அதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மருந்து கலக்கும் அறையில் ஓர் உராய்வு ஏற்பட்டால் அங்கிருப்பவருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆகவே எச்சரிக்கைப் பலகையும் சிவப்பு எழுத்தும் மீனுக்கு வேண்டியதைவிட நமக்கு அதிகம் வேண்டும். அவை சுவரில் இருந்தால் மட்டும் போதாது. நத்தை ஒருநாளும் தன் எச்சரிக்கையைக் கழற்றி வைப்பதில்லை. ஆர்டர் மிகுந்த தீபாவளிக்கு முந்தைய மாதங்களிலும் அவ்வாறே விதிகளைக் கழற்றி வைக்காதிருந்தால், எங்கள் தாய் தந்தையர் மாலையில் நலமாக வீடு திரும்புவர்.

முடிவுரை

தோழியரே! அடுத்த முறை சுற்றுலாவாக ராமேசுவரமோ மண்டபமோ தூத்துக்குடியோ செல்லும்போது சிலவற்றை நினைவில் வைப்போம். பவளத் துண்டுகளை விலைக்கு வாங்க வேண்டாம். வாங்குவோர் இல்லையேல் எடுப்போரும் இரார். பாறைக் குட்டையில் வண்ணமான உயிர் எதைக் கண்டாலும் கையால் தொடாமல் கண்ணால் பார்ப்போம். இயன்றால் அதன் நிறத்தையும் கோலத்தையும் நோட்டில் வரைந்து, இடமும் நாளும் குறித்து வைப்போம். கெலார்ட் அவ்வாறு செய்ததால்தான் இறந்து 46 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் உழைப்பு பயன்பட்டது. ஊரில் இருக்கும்போது வைப்பாற்றுக்கும் அர்ச்சுனா நதிக்கும் போகும் ஓடைகளில் குப்பை கொட்டாதிருப்போம். வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் இதை எடுத்துச் சொல்வோம்.

தன் நிறத்தைத் தானே காண முடியாத ஒரு சிறு நத்தை, அந்த நிறத்தினால் தன்னையும் காத்து, தன்னைத் தின்ன வரும் மீனையும் நஞ்சிலிருந்து காக்கிறது. வண்ணங்களை ஊர் ஊராக அனுப்பும் மண்ணில் பிறந்த நாம், வண்ணங்கள் சொல்லும் சொல்லைப் படிக்கவும் கற்றுக்கொள்வோமாக!